ராக்கம்மா எடுக்கும் பெரட்டு

ஆட்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறாள் ராக்கம்மா. அவளுக்கு எதிரே தோட்டத்து ஆபீஸின் வெள்ளைச் சுவர் மட்டும்தான். பின்னால் விடியற்காலை மங்கலில், ரப்பர் பூட்ஸும் தலைத்துணியுமாக மருந்தடிக்கும் கும்பல் வரிசையில் நிற்கிறது. "ம், ஆரம்பிங்க," என்கிறாள். காலையில் ஆள்கணக்கு எடுப்பதுதான் பெரட்டு. கங்காணிகளான மற்ற மண்டோர்களின் பெரட்டில் மண்டோர் பெயரைக் கூப்பிடுவார், ஆள் குரல் கொடுக்கும். ராக்கம்மாவின் பெரட்டில் ஆள்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும். பெயரை அவள் சொல்வாள்.

"குட் மார்னிங்கா."

"புனிதா."

"அக்கா, பசியாறிட்டீங்களா?"

"ரோகினி. நான் பசியாறிட்டேன். நீதான் வெறும் வயித்தோட வந்திருக்கே, கொரல்ல தெம்பே இல்ல."

"சலாமாட் பாகி, மண்டோர்."

"ரஃபீக்."

அடுத்ததாக ஒரு கீச்சுக் குரல், "நான் வந்துட்டேங்கா," என்கிறது. வரிசையில் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"சன்னாசி அண்ணே, இந்த வயசுல ஒங்களுக்குப் பொம்பளக் கொரலு வேணாம். டேங்க்குல தண்ணி ஏத்தியாச்சா?"

தண்ணீர் டிராக்டர் ஓட்டும் சன்னாசி தலையைச் சொறிந்துகொண்டு நகர்கிறார். ராக்கம்மா திரும்பி ஆட்களைப் பார்த்து, யார் எந்த நெரையில், எந்த மர வரிசையில் நடக்க வேண்டும் என்று சொல்லத் தொடங்குகிறாள்.

மலேசியாவின் பகாவ் பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே இருக்கிறது சுங்கை கெராஞ்சி தோட்டம். அங்கே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அங்கேயே மருந்து பம்பை முதுகில் சுமந்து, பிறகு மண்டோர் ஆனவள் ராக்கம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. வலது காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறாள். அதிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று மேலேறி, காந்தத்தால் மண்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வட்டமான வில்லையில் முடிகிறது. தோலுக்கு அடியில் அதன் ஜோடி இருக்கிறது. அங்கிருந்து மயிரிழை போன்ற இன்னொரு கம்பி, நத்தைக்கூடு போலச் சுருண்ட உள்காதுக்குள் போகிறது. அந்தக் கம்பி நெடுகப் புள்ளி புள்ளியாக மின்முனைகள். வெளியே எழும் சத்தம் அங்கே மின்சாரமாகி நரம்பைத் தொட்டால்தான் ராக்கம்மாவுக்கு உலகம்.

முப்பத்தெட்டு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் உயிரை விட்டுவிட்டு இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போனது. ஆபரேஷன் முடிந்து கருவியை முதன்முதலில் முடுக்கிய நாளில், "எல்லாரும் தகர டின்னுக்குள்ள ஒக்காந்து பேசுறாங்க," என்று அழுதாள். மாதங்கள் போகப் போகத் தகரம் கரைந்து பேச்சானது. அதன் பிறகு அவள் அழுததை யாரும் பார்த்ததில்லை.

சின்னச் சின்ன வேடிக்கைகள் அவளிடம் நிறைய. மழை வந்தால் குடையைத் தேடமாட்டாள். ரொட்டி சுற்றி வந்த பிளாஸ்டிக் பையை மடித்து இடுப்பில் வைத்திருப்பாள், அதைக் கருவிக்குத்தான் போர்த்துவாள். தூங்கப் போகும்போது, "காதைக் கழட்டி வெக்கிறேன், எதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிருங்க," என்று வீட்டுக்கே அறிவிப்பாள். சன்னாசி ஒரு கதையைத் தொடங்கி அது முடிகிற வழியாக இல்லையென்றால், அவர் கண்ணெதிரிலேயே வில்லையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மீதிய நாளைக்குச் சொல்லுங்கண்ணே," என்பாள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கை கிடையாது. வராதவள் பேருக்கு வந்தவள் குரல் கொடுப்பது தோட்டங்களில் காலங்காலமாக நடக்கிற திருட்டுத்தனம். ஒருநாள் தூங்கிப்போன புனிதாவுக்காக ரோகினி "இருக்கேங்க" என்று சொல்லிவிட்டாள். ராக்கம்மா ரோகினியை அன்று வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "நீ இருக்கேன்னு சொன்ன எடத்துல ஆளு இல்லன்னா, காட்டுக்குள்ள நான் யாரத் தேடுவேன்?" என்று கேட்டாள்.

முதுகைக் காட்டும் பழக்கம் வந்தது குளவி கொட்டிய நாளுக்குப் பிறகு.

அன்று கும்பல் தோட்டத்தின் ஒரு பிளாக்கில் லாலாங் புல்லுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தது. செம்பனைக் காட்டில் இரண்டு நெரை தள்ளி நிற்பவளை ஓலைகள் மறைத்துவிடும். ஒரு காதில் மட்டும் கருவி இருப்பவர்களுக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாது. கூப்பிடுவது யார் என்று தெரிந்தால், அவளை எந்த நெரையில் விட்டோம் என்ற ஞாபகத்தை வைத்து ராக்கம்மா போய்விடுவாள். "அக்கா, அக்கா" என்று ஒரு குரல் அலறியது. ரோகினி என்று நினைத்து ராக்கம்மா இடது பக்கம் ஓடினாள். ரோகினி அங்கே நிம்மதியாக, மருந்து பீய்ச்சும் நாஸலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வலது பக்கக் கடைசி நெரையில், பம்பைக் கழற்றவும் முடியாமல், முகமெல்லாம் குளவியோடு புனிதா விழுந்து கிடந்தாள்.

புனிதா பிழைத்து வந்தாள். வீங்கிய உதட்டோடு, "எனக்கு ஒண்ணும் இல்லலா அக்கா, சும்மா அழகா இருந்த மூஞ்சி கொஞ்சம் பெருசாயிருச்சு," என்றுகூடச் சொன்னாள். ராக்கம்மாவால் சிரிக்க முடியவில்லை. அவளுக்குப் பெண்களின் பேச்சு எல்லாமே ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோலத்தான் அதுவரை கேட்டது. என்ன சொல்கிறார்கள் என்பது புரியும். யார் சொல்கிறார்கள் என்பது புரியாது. முகத்தைப் பார்த்துச் சமாளித்துவந்தாள். காட்டில் முகம் ஏது?

உதவி மேனேஜர் யோகேந்திரன் நல்ல மனிதர்தான். ஆபீஸுக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். "அக்கா, நான் ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா இன்னொரு தடவ நடந்தா யாரு பதில் சொல்றது? தீபாவளி வரைக்கும் பாப்போம். சரியா வரலன்னா ஸ்டோர்ல ஒக்காந்துருங்க. நிழல்ல வேல."

"ஸ்டோர்ல பூட்டும் சாவியும்தான் சார். அதுங்களோட பேசக் காது வேணாம்தான்," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். கருவி இல்லாத வருடங்களில் தான் எப்படி ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தோம் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மறுபடியும் அந்த மூலைக்குப் போவதற்கா மண்டையைத் திறக்கக் கொடுத்தாள்?

மறுநாள் பெரட்டில் முதன்முறையாக முதுகைக் காட்டி நின்று பார்த்தாள். புனிதாவை ரோகினி என்றாள், ரோகினியைப் புனிதா என்றாள். மூன்றாவது முறையும் மாற்றித்தான் சொன்னாள். அந்த வாரமே கோலாலம்பூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

கருவியைச் சரிபார்க்கும் அறையில் இருந்தவள் ஜோசலின். மந்தின் என்ற சிற்றூரில் வளர்ந்த பெண். ஆங்கிலத்திலும் மலாயிலும் வேலை பார்ப்பாள். ராக்கம்மா வந்தால் தமிழுக்கு மாறிவிடுவாள். ரோகினி, புனிதா கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆண்ட்டி, ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் செய்றதில்ல, ஆராய்ச்சியாத்தான் பண்றோம். இப்போ ஒங்க காதுக்குள்ள ஒவ்வொரு புள்ளியில இருந்தும் கெளம்புற கரண்ட்டு, காதுக்கு வெளியில, தோலுக்கு அடியில இருக்கிற ஒரு முனையில போய்ச் சேருது. அது தூரம். போற வழியில பக்கத்து நரம்பையெல்லாம் தொட்டுட்டுப் போயிருது. அதனாலதான் ரெண்டு கொரலு ஒண்ணாக் கலந்துருது."

"காத்தடிக்கும்போது மருந்தடிச்ச மாதிரி," என்றாள் ராக்கம்மா. "லாலாங்குக்கு அடிச்சா பக்கத்துக் கன்னும் சேர்ந்து கருகும்."

ஜோசலினுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படித்தான். இந்தப் புது வழியில, கெளம்புன கரண்ட்டு ரெண்டு பக்கமும் இருக்கிற அடுத்த புள்ளிங்கள்லயே திரும்பிரும். பரவாது."

"நாஸல மாத்துறீங்க."

"நாஸல மாத்துறோம். ஆனா அழுத்தம் கூடுதலா வேணும், பேட்டரி சீக்கிரம் எறங்கிரும். இன்னொண்ணு ஆண்ட்டி, காய்ச்சல்ல சில எடத்துல நரம்பு செத்திருக்கும். அந்த எடத்துல குறுக்கிக் குடுத்தா ஒண்ணுமே கேக்காமப் போகலாம். அதனால ஒவ்வொரு புள்ளியா விட்டுப் பாப்போம். கேட்டா கேட்டுச்சுன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

ராக்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உயர்ந்த ஸ்தாயியிலிருந்து தொடங்கினாள் ஜோசலின். கிண்ணத்தில் கரண்டி பட்டதுபோல ஒரு சத்தம். "இருக்கு," என்றாள் ராக்கம்மா. அடுத்தது. "இருக்கு." இது பெரட்டு அல்லாமல் வேறென்ன என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. இருக்கு, இருக்கு என்று வரிசை இறங்கிக்கொண்டே வந்து, அடித்தொண்டைச் சத்தங்களின் பக்கம் போனது. அங்கே ஒன்றும் கேட்கவில்லை. ஜோசலினின் விரல் பட்டனில் இருப்பது எதிரே இருந்த ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. சத்தம் வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஸ்டோர் கதவில் தொங்கும் பெரிய பூட்டு ராக்கம்மாவின் கண்முன்னே வந்தது.

"இருக்கு," என்றாள்.

அடுத்ததற்கும் சொன்னாள். அதற்கடுத்ததற்கும் சொன்னாள். ஜோசலின் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "நிச்சயமா ஆண்ட்டி?" என்று கேட்டபோது, சிரித்துத் தலையை ஆட்டினாள். பரவுகிற நாஸலைவிடக் குறுகின நாஸல்தான் உத்தமம் என்று வாழ்நாளெல்லாம் படித்த பாடம் ஒரு பக்கம், தீபாவளிக் கெடு ஒரு பக்கம். முழுக்க முழுக்கப் புது வழியிலேயே கருவியை அமைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள்.

அடுத்த நாள் பெரட்டில் அதிசயம் நடந்தது. எல்லாச் சத்தமும் மெலிந்துதான் கேட்டது. ஆனால் சீப்பால் வாரிவிட்டதுபோலத் தனித்தனியாகக் கேட்டது. புனிதாவின் குரலில் ஓரத்தில் ஒரு கரகரப்பு இருப்பதும், ரோகினி ஒவ்வொரு சொல்லையும் இழுத்து முடிப்பதும் அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு பெண்களும் மாறி மாறிப் பேசிக் குழப்பப் பார்த்தார்கள். ஒருமுறைகூடத் தவறவில்லை. "அக்காவுக்குச் சாமி வந்துருச்சு," என்றாள் ரோகினி.

சாயங்காலம் தேவன் வீட்டுக்கு வந்தான்.

தேவன் அவள் புருஷன். செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை ஓட்டுகிறவன். அவனுடைய குரல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வரும் குரல். பெண் பார்க்க வந்த அன்று அடுப்படியில் நின்றிருந்த ராக்கம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "டீயில சீனி கம்மியா இருந்தாலும் பரவால்ல," என்று கூடத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டுத்தான் சரி என்று தலையசைத்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டே அன்றைய நாளைச் சொல்லி முடிப்பது அவன் வழக்கம். அன்றும் சொன்னான். காய்ந்த ஓலை தரையில் உரசும் சத்தம்தான் அவளுக்குக் கேட்டது. சொல்லின் நுனி வந்தது, உடம்பு வரவில்லை. அந்தக் குரல் நிற்க வேண்டிய இடத்தில்தான் வராத ஆட்களுக்கெல்லாம் அவள் "இருக்கு" என்று சொல்லியிருந்தாள்.

"ம்," என்றாள். வேறென்ன செய்வாள்? உண்மையைச் சொன்னால் ஜோசலின் பழையபடி மாற்றிவிடுவாள். புனிதாவும் ரோகினியும் மறுபடி ஒருத்தியாகிவிடுவார்கள். அவன் சொன்னதற்கெல்லாம் "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே நாட்களை ஓட்டினாள்.

ஒருநாள் தேவன் வழக்கத்தைவிட அதிக நேரம் பேசினான். கையெல்லாம் ஆட்டிப் பேசினான். அவள் "ம், சரி, சாப்புடுங்க," என்று சோற்றைப் போட்டாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்தான். அதோடு வாசற்படிப் பேச்சு நின்றுபோனது. வந்தான், குளித்தான், படுத்தான். ஆள் இருந்தும் பேச்சு இல்லாத வீடாகிவிட்டது. காது வந்த பிறகும் செவிட்டு வருடங்கள் திரும்பி வந்துவிட்டனவே என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் நாஸல்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். தேவன் எதிரே வந்து குந்தி உட்கார்ந்தான். ஏதோ கேட்டான். ஓலை உரசியது. மறுபடியும் கேட்டான். 'வாயப் பாத்தா காது சோம்பேறியாயிரும்' என்று ஊருக்கெல்லாம் சொல்லும் ராக்கம்மா, புருஷனின் வாயைப் பார்த்தாள்.

"ராக்கு, எம்மேல என்னா கோவம்?"

"கோவமா? ஒங்க கொரலே எனக்கு வரலைங்க," என்றாள். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

தேவன் கேட்டு முடித்துவிட்டு, வாயை நிதானமாக அசைத்து, "அப்போ பிரேக்கு விசயம்?" என்றான்.

"என்னா பிரேக்கு?"

"மேட்டுல பிரேக்கு புடிக்காம லோரி பள்ளத்துக்குப் போயிருச்சு. ஒரு மரம் புடிச்சு நிறுத்துச்சு. செத்துப் பொழச்சு வந்து சொல்றேன், சரி சாப்புடுங்கன்னு சொல்ற."

ராக்கம்மா ஈரக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். தேவன் அந்தக் கையைப் பிடித்து விலக்கி, தன் வாய் அவளுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டான். "என் கொரலு போனாப் போவுது, நான் என்னா ரேடியோவா? ஆனா லோரி பின்னால வந்தா அந்தச் சத்தமும் ஒனக்குக் கேக்காதுதானே. சரி, பெரட்டுல வராதவளுக்கு வந்தவ கொரலு குடுத்தா மண்டோர் என்ன பண்ணுவாங்க?"

"வீட்டுக்கு அனுப்புவேன்."

"கெளம்பு. நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

ஜோசலினிடம் அவள் சுற்றி வளைக்கவில்லை. "மிஸ், போன தடவ வராத ஆளுக்கெல்லாம் நான் வந்துட்டாங்கன்னு கொரலு குடுத்துட்டேன். மறுபடி எடுங்க பெரட்டு." முதலில் ஜோசலினுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது திட்டவில்லை, "நானும் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கணும் ஆண்ட்டி," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். வரிசை மறுபடி தொடங்கியது. இருக்கு, இருக்கு, இருக்கு. அடித்தொண்டைப் பக்கம் வந்ததும் ராக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள். "வரல," என்றாள். "இதுவும் வரல." ஒவ்வொரு 'வரல'வும் ஸ்டோர் கதவை ஒரு சாண் திறந்தது.

"அந்த எடத்துல மட்டும் பழைய மாதிரியே விட்டுருவோம்," என்றாள் ஜோசலின். "பரவிப் போனாத்தான் அங்க தூரத்துல உயிரோட இருக்கிற நரம்பத் தொடும். மத்த எடத்துல புதுசு. ஆனா போன தடவ அளவுக்குத் தெளிவு இருக்கும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"சதுப்புல எறங்க முடியாத எடத்துக்கு நாங்களும் அகல நாஸல்தான் போடுவோம் மிஸ்," என்றாள் ராக்கம்மா. வெளியே பெஞ்சில் காத்திருந்த தேவன், "என்னா சொன்னாங்க?" என்று கேட்டபோது அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குரலில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனாலும் உடம்போடு வந்தது. "இன்னொரு தடவ கேளுங்க," என்றாள். அவன் கேட்டான். "இன்னொரு தடவ."

தீபாவளி லீவுக்கு முந்தின பெரட்டுக்கு யோகேந்திரன் தானே வந்து நின்றார். புனிதாவும் ரோகினியும் முதல் நாளே சதி செய்திருந்தார்கள்: அக்காவுக்கு அடையாளமாக, புனிதா பேசுவதற்கு முன் ஒருமுறை இருமுவாள். வரிசையில் இருமல் கேட்டதுமே ராக்கம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே, "இருமுறவங்க கிளினிக்குக்குப் போங்க, மத்தவங்க ஒழுங்காப் பேசுங்க," என்றாள். யோகேந்திரன் ஆட்களை இடம் மாற்றி நிறுத்தினார். ரஃபீக், புனிதா, சன்னாசி, ரோகினி என்று எல்லாப் பெயரும் சரியாக வந்தன. அதோடு அவர் விடவில்லை. மருந்தடிக்கும்போது போடுகிற முகமூடியை எல்லாரையும் மாட்டச் சொன்னார்.

"அக்கா," என்றது அமுங்கிய குரல் ஒன்று.

"இன்னொரு தடவ," என்றாள் ராக்கம்மா.

"அக்கா."

"தெரியல."

யோகேந்திரன், "காட்டுக்குள்ள முகமூடியோடதானே இருப்பாங்க," என்றார்.

"அதான் சார் சொல்றேன். புனிதாவா ரோகினியான்னு தெரியல. தெரியலன்னா ரஃபீக்க ஒரு நெரைக்கு அனுப்புவேன், நான் ஒரு நெரைக்கு ஓடுவேன். குளவி கொட்டுன அன்னிக்கு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். அதான் ஒரே பக்கம் ஓடுனேன்."

யோகேந்திரன் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். "லீவு முடிஞ்சு வந்ததும் எந்த பிளாக்குன்னு மண்டோர் அக்காவையே கேட்டுக்குங்க," என்று கும்பலிடம் சொல்லிவிட்டு ஆபீஸ் படியேறினார்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பிய ஒரு குரல், "எனக்கு எந்த பிளாக்குங்க?" என்று கேட்டது. பெண்கள் முகமூடிக்குள் சிரித்தார்கள்.

ராக்கம்மா திரும்பவில்லை. "லோரிக்காரவங்களுக்கு இங்க பெரட்டு இல்ல," என்று சுவரிடம் சொல்லிவிட்டு, வலது கையை மட்டும் பின்பக்கமாக நீட்டினாள். மத்தியானத்துக்குள் இறங்கிவிடும் கருவிக்கு மாற்று பேட்டரியைத் தேவன் தினமும் தன் சட்டைப் பையில் கொண்டுவந்து கொடுப்பான். வரிசையைத் தாண்டி வந்து, அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். பேட்டரி கைக்கு வந்த பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நீண்டிருந்தது.